34,500 ரூபாய் போச்சு: ‘டிஸ்ப்ளே பீஸ்’ டிஷ்வாஷர் என்று யாராவது சொன்னால் உஷார்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். போன மாதம் நான் 34,500 ரூபாய் கொடுத்து, “புதுசு, ஷோரூமில் நின்ன டிஸ்ப்ளே பீஸ்” என்று வாங்கிய டிஷ்வாஷர் 2021-லேயே யாருக்கோ விற்று, அவர்கள் வீட்டில் ஓடி, வாரண்டியும் தீர்ந்துபோன மிஷின். பெங்களூரில் டிஷ்வாஷர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பல கம்பெனிகளின் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இரண்டு மாடி வீட்டு உபயோகப் பொருள் கடை. ஆன்லைன் இல்லை, சந்து மூலைக் கடையும் இல்லை. புகார் போட்டிருக்கிறேன். அது ஒரு முடிவுக்கு வரும்வரை இவ்வளவு போதும்.

எங்கள் வீடு ராமமூர்த்தி நகர் பக்கம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாமியார் எங்களோடு இருக்கிறார். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்கா ஊருக்குப் போய்விட்டார். மாலையில் சிங்க் நிறையக் கிடக்கும் பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதில் வீட்டில் ஒரு சண்டையாவது வராமல் நாள் முடியாது. சரி, மிஷின் வாங்கிவிடலாம் என்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

அங்கே இருந்த விற்பனைப் பையன் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அருகில் வந்தான். “எந்த ஊருங்க மேடம்?” என்றான். வேலூர் என்றேன். “நான் ஆம்பூருக்கா” என்றான். அந்த நிமிஷத்திலிருந்து நான் மேடம் இல்லை, அக்கா.

டிஷ்வாஷரை எப்படிப் பயன்படுத்துவது என்று அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். முதல் கேள்வியே, “வீட்டுல காவேரித் தண்ணியா, போர்வெல்லாக்கா?” என்பதுதான். இரண்டும் கலந்து வரும், கோடையில் டேங்கர் என்றேன். “அப்போ உப்பு சமாச்சாரத்தைச் சொல்லிடறேன்” என்று, மிஷினுக்குள் கீழே இருந்த மூடியைத் திறந்து காட்டினான். கடின நீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள உள்ளே ரெசின் மணிகள் இருக்கின்றன, அவை நிறைந்துவிட்டால் உப்புத் தண்ணீர்தான் அவற்றைக் கழுவிப் பழையபடி ஆக்கும், அதனால் டிஷ்வாஷர் உப்பை மட்டும் போடுங்கள், சமையல் உப்பு வேண்டாம் என்றான். எங்கள் தண்ணீருக்குக் கடினத்தன்மை செட்டிங்கை ஏற்றி வைக்க வேண்டும் என்றான். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஏற்கெனவே டிஷ்வாஷர் வைத்திருக்கும் தோழிகள்கூட எனக்கு இவ்வளவு சொல்லவில்லை.

மாமியாருக்கு வேறு கவலை. “மிஷின்ல போட்டா எச்சில் போகுமாப்பா? குழம்புச் சட்டி அடி பிடிச்சிருந்தா?” என்று கேட்டார். அவன் சிரிக்கவில்லை. “அம்மா, நம்ம கை பொறுக்காத சூட்டுல, 70 டிகிரி வரைக்கும் போற தண்ணியில கழுவுது. கையால தேய்ச்சா இந்தச் சூடு வைக்க முடியுமா? அடிப்பிடிச்சதை மட்டும் சுரண்டிட்டுப் போடுங்க, கடாயைக் கவுத்து வைங்க” என்றான். அப்புறம் பட்டியல் போட்டான்: எவர்சில்வர் எல்லாம் போடலாம், கண்ணாடி, பீங்கான் போடலாம். அலுமினியம் கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல்லில் பழக்கிய எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு மங்கிவிடும். ஈயச்சொம்பைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. மரக் கைப்பிடி வேண்டாம். குக்கர் மூடியில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவணும். மாமியார் என்னைப் பார்த்து, “பையன் விவரமா இருக்கான்” என்றார். அங்கேயே விழுந்துவிட்டோம்.

புது மிஷின் விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேல் மாடியில் ஒன்று இருக்கிறது என்று கூட்டிப்போனான். அதே கம்பெனி, 13 பிளேஸ் செட்டிங், அதாவது 13 பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும் அளவு. 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது இல்லையா, பழைய வரியில் வந்த சரக்கைக் காலி செய்யச் சொல்லி ஓனர் சொல்லியிருக்கிறார், டிஸ்ப்ளேயில் நின்றது என்பதால் 34,500-க்கு வாங்கித் தருகிறேன் என்றான். வரி குறைந்தது உண்மை. நானே செய்தியில் படித்தது.

கேட்காமல் இல்லை, எல்லாம் கேட்டேன். பெட்டி எங்கே என்றேன். “டிஸ்ப்ளேக்கு வச்சா பெட்டியைப் பிரிச்சிடுவோம்லக்கா.” கதவைத் திறந்தால் உள்ளே அடியில் லேசாக ஈரக் கறை. அதையும் கேட்டேன். “ஒவ்வொரு மிஷினையும் ஃபேக்டரியில தண்ணி விட்டு ஓட்டிப் பார்த்துதான் அனுப்புவாங்க. மேனுவல்லயே போட்டிருக்கும் பாருங்க” என்று மேனுவலைப் பிரித்து அந்தப் பக்கத்தையே காட்டினான். போட்டிருந்தது! பில் கேட்டேன். ஜிஎஸ்டி சர்வர் ஓடவில்லை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கவுண்டரில் இருந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் கடை பெயர் வராமல் ஒரு பெண் பெயர் வந்தது. “ஓனர் சம்சாரம் அக்கவுண்டுக்கா, கரெக்ட்தான்.” 34,500 ரூபாயும் அதில்தான் போனது. எந்தச் சந்தேகத்துக்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது, பாதிப் பதில் நிஜமாகவும் இருந்தது. இப்படிப்பட்டவனிடம் யார்தான் ஏமாற மாட்டார்கள், சொல்லுங்கள்.

டெலிவரிக்கு வந்தவனே மாட்டியும் கொடுத்தான். கம்பெனி ஆள் வர மாட்டாரா என்று விற்பனைப் பையனுக்குப் போன் செய்தபோது, டிஸ்ப்ளே பீஸுக்கு வாரண்டி கடை மூலமாகத்தான், கம்பெனிக்கு அடித்தால் லேட்டாகும் என்று சொன்னான்.

முதல் சில நாள் நன்றாகத்தான் ஓடியது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் டம்ளர்களில் வெள்ளையாகப் படர ஆரம்பித்தது. உப்பை நிரப்பினேன், பாத்திரம் கறையில்லாமல் காய உதவும் ரின்ஸ் எய்ட் திரவமும் ஊற்றினேன், செட்டிங்கையும் ஏற்றினேன். மாறவில்லை. ஒரு நாள் பாதியில் கழுவுவது நின்று, தண்ணீரை வெளியேற்றும் மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் போட்டாலும் அதேதான்.

இனிமேல் நடந்த நாடகத்தைக் கேளுங்கள். பையனுக்குப் போன் செய்தால், “கவலைப்படாதீங்கக்கா, இன்னைக்கே ஆள் அனுப்புறேன்.” ஆள் வரவில்லை. மறுபடி செய்தால், “அவன் வைட்ஃபீல்டுல மாட்டிக்கிட்டான்க்கா.” ஒரு வழியாக வந்த ஆள் மிஷினை வெளியே இழுத்து முன்பக்கமாகச் சாய்த்தான். அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. “அவ்ளோதான், சரியாயிடுச்சு” என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மிஷினின் அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கிறது, கசிவுத் தண்ணீர் சேர்ந்து அது மேலே ஏறினால் மிஷின் பயந்து எல்லாவற்றையும் வெளியேற்ற ஆரம்பிக்கும், சாய்த்துக் கொட்டினால் தற்காலிகமாக நின்றுவிடும், கசிவு அப்படியேதான் இருக்கும் என்பதெல்லாம் இன்று காலை டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர், மெயின் ட்ரிப் ஆகி வீடே இருட்டு. அதற்கப்புறம் பையனின் குரல் மாறியது. “உங்க தண்ணி சரியில்லக்கா, நான் அன்னைக்கே கேட்டேன்ல?” என்றான். உப்பைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பில் எங்கே என்றால் ஓனர் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. பிறகு நீல டிக்கும் வரவில்லை.

கம்பெனியின் டோல் ஃப்ரீ எண்ணுக்கு நானே அடித்தேன். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். “மேடம், இது 2021-ல் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது” என்றார்கள். ஒரு போன், சில நிமிஷம். 34,500 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் கடையில் நின்றுகொண்டே இதைச் செய்ய முடியும் என்று அந்த விவரமான பையன் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். பையன் லீவாம். ஓனர் இருந்தார், ஊரில்தான் இருந்தார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன். அதைக் கையில்கூட வாங்காமல், “பில் இதெயா மேடம்?” (பில் இருக்கா?) என்று கன்னடத்தில் கேட்டார். நீங்கள்தானே தரவில்லை என்றேன். இது எங்கள் சீட்டே இல்லை, கடையின் சீல் எங்கே, பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லையே என்றார். அந்தப் பெண் பெயர்? “நனகே கொத்தில்லா” (எனக்குத் தெரியாது). சம்சாரம் பெயர் தெரியாத மனுஷன். கூட வந்த கணவர் குரலை உயர்த்தியதும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

இன்று வந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். உப்பு அறையில் விரிசல், ரெசின் போயேபோய்விட்டது, தண்ணீர் உள்ளே வரும் இடத்து வலையில் சுண்ணாம்பு கெட்டியாக அடைத்திருக்கிறது, இது வருஷக்கணக்கில் உப்பே போடாமல் போர்வெல் தண்ணீரில் ஓடிய மிஷின் என்றார். வடிகட்டியின் கீழே பம்ப் பக்கம் கையை விட்டு, ஒரு உடைந்த பிளாஸ்டிக் ஸ்பூனின் பிடியை எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒரு ஸ்பூன் எங்கள் வீட்டில் கிடையாது. சரிசெய்ய 14,000-க்கு மேல் ஆகுமாம், அதன் பிறகும் உத்தரவாதம் தர முடியாதாம். 34,500 போதாதென்று இன்னொரு 14,000!

மதியமே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்துவிட்டேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். யுபிஐ ரசீது, அவன் அனுப்பிய குரல் செய்திகள், டெக்னீஷியனின் தாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், சிங்கில் பாத்திரம் கிடக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்ப்ளே பீஸ், ஓப்பன் பாக்ஸ் (பெட்டி பிரித்தது) என்று எது சொன்னாலும் கதவோரத் தகட்டைப் போட்டோ எடுத்து, கடையிலிருந்தே கம்பெனிக்குப் போன் செய்து சீரியல் எண்ணைக் கேளுங்கள். அதைச் செய்யவிடாமல் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள். சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள், சர்வர் ஓடவில்லை என்றால் ஓடும்போது வருகிறோம் என்று சொல்லுங்கள். க்யூஆரில் கடை பெயர் வராவிட்டால் வேண்டாம். மாட்டுவதற்குக் கம்பெனி ஆள்தான் வரவேண்டும். வடிகட்டியைக் கழற்றி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், உப்பு மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக இருக்கட்டும். தண்ணீரின் கடினத்தன்மையைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி, காவேரி வரும் நாளிலும் டேங்கர் வரும் நாளிலும் தனித்தனியாகப் பாருங்கள். உப்பு நிரப்பும்போது வெளியே சிந்தினால் உடனே ஒரு தடவை மிஷினை ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் எவர்சில்வர் தொட்டியே துருப்பிடிக்கும்.

எந்தக் கடை என்று தனியாகக் கேட்காதீர்கள், இப்போது சொல்ல மாட்டேன். அதே கடையில், அதே மாதிரி எஸ்டிமேட் சீட்டோடு மாட்டியவர்கள் யாராவது இருந்தால் மட்டும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். 34,500 ரூபாயை அப்படியே விட்டுவிடுவதாக இல்லை.