பித்தளை பர்னரா, அலுமினியக் கலவை பர்னரா?

அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படியத் தொடங்கியதுமே பர்னரை மாற்றிவிடத் தேவையில்லை. பர்னரின் துளைகளிலும், அதற்குள் கேஸைச் செலுத்தும் சிறு முனையான ஜெட்டிலும் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். துளைகள் அரித்து அகன்றிருந்தாலோ, மூடி வளைந்து சரியாகப் பொருந்தாமல் போயிருந்தாலோதான் புதியது வேண்டும்.

அலுமினியக் கலவை பர்னர் விலையும் எடையும் குறைந்தது. ஆனால் அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகும் உலோகம் என்பதால், நெடுநேரம் பெருந்தீயில் எரியும்போது விளிம்பு வளைய வாய்ப்புண்டு. பொங்கி வழியும் உப்புக் கலந்த குழம்பும் ரசமும் அதை விரைவில் அரித்துவிடும். பித்தளை உருக ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். அதில் நுண்ணிய துளைகளைத் துல்லியமாக இட முடிவதால் சுடர் சீராகப் பரவும், ஊசியால் அடைப்பெடுத்தாலும் துளை எளிதில் சிதையாது. பித்தளை என்று சொல்லி முலாம் பூசிய இரும்பைத் தருவோரும் உண்டு என்பதால், கடைக்குச் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது: ஒட்டினால் அது பித்தளை அல்ல.

எப்போதாவது எரியும் இரண்டாம் அடுப்புக்கு அலுமினியமே போதும். தினமும் சோறு வடிக்கும் அடுப்புக்கு நான் பித்தளையையே வாங்குவேன். எதுவானாலும், ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பழைய பர்னரைக் கழற்றி, அளவு பார்க்கக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.