ஒட்டு விட்ட சாக்கெட்டும் 125 மெகாஹெர்ட்ஸும்

போன வாரம்தான் கருவியைப் பிரித்து சாக்கெட்டுக்கு மறுபடி சால்டர் வைத்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் நண்பன் கேட்டான்: "கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நீதான் மூன்று வருடமாக வைத்திருக்கிறாயே, எப்படி இருக்கிறது?" கோபத்தில் இருக்கும்போது கேட்டுவிட்டான். நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். உள்ளங்கை அகலத் திரை, கேபிளைத் திருகி மாட்ட இரண்டு எஸ்எம்ஏ சாக்கெட், பேட்டரி. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ரேடியோ அலை இருக்கிறது என்பதைத் திரையில் கோடுகளாகக் காட்டும். நான் வாங்கியது ஒரே காரணத்துக்காக. ரேடியோவாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யாத ஒரு பொருள், தன் பாட்டுக்கு ஒலிபரப்பு நடத்துகிறதா என்று, அதை விதிப்படி சோதிக்கும் லேபுக்குப் போவதற்கு முன் மேசையிலேயே பார்த்துவிட வேண்டும். லேபில் ஒரு நாள் போனால் போனதுதான். தோற்றுத் திரும்பினால் மறுபடி வரிசையில் நின்று தேதி வாங்க வேண்டும்.

முதலில் நல்லது. கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக ஷீல்டு உள்ள கேபிள்) துண்டு ஒன்றை விரல் நுழையும் அளவு வளையமாக வளைத்து, உச்சியில் ஷீல்டை மட்டும் நூலளவு வெட்டி விட்டால் அதுதான் அலையை மோப்பம் பிடிக்கும் ப்ரோப். அதை போர்டின் மேல் மெல்ல நகர்த்த வேண்டும். போர்டுக்குத் தாளம் போடும் கிளாக் சிப்பின் மேல் போகும்போது திரையில் கோடு எழும், நகர்ந்தால் படுக்கும், மின்னழுத்த ரெகுலேட்டரின் கம்பிச்சுருள் பக்கம் வந்தால் தரையே, அதாவது திரையின் அடிமட்ட இரைச்சலே, பொங்கி எழும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இப்படித் தடவிப் பார்க்கும் சுகம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எதிர்பாராத இன்னொரு சுகமும் உண்டு. இதில் இயர்போன் துளை இருக்கிறது. ஒரு கோட்டின் மேல் நிறுத்தி வைத்துக் கேட்டால் டிஸ்ப்ளே புதுப்பிக்கும் சத்தம் ரீங்காரமாக வரும், மெமரிக்கு எழுதும்போது கரகரக்கும். எந்தக் கோடு யாருடையது என்பதைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் சொல்லிவிடுகிறது. தரநிலைகளில் வரும் குவாசி-பீக் என்ற அளவீடும் காதிலிருந்து பிறந்ததுதான். ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எந்த இரைச்சல் எவ்வளவு தொந்தரவு என்பதை ஒட்டி அமைத்தது; எப்போதாவது வரும் துடிப்புக்குக் குறைந்த மதிப்பு, ஓயாமல் வருவதற்கு அதிகம். என் கருவியில் அது இல்லை, பீக் (உச்ச அளவு) மட்டும்தான். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குவாசி-பீக் ஒருபோதும் பீக்கைத் தாண்டாது என்பதால், பீக்கைப் பார்த்து முடிவு செய்பவன் பத்திரமான பக்கத்தில்தான் இருக்கிறான்.

சரி, இனி கோபம்.

என் போர்டில் ஈத்தர்நெட்டுக்கு 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக். அதன் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது ஐந்தாம் மடங்கு, 125இல் வந்து நிற்கும். வீட்டு உபயோகப் பொருள் என்றால் கிளாஸ் பி என்ற கடுமையான வகுப்பு. சிஸ்பிஆர் 32 என்ற சர்வதேசத் தரநிலையின்படி 3 மீட்டர் தூரத்தில் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, மீட்டருக்கு 40 டெசிபெல் மைக்ரோவோல்ட்தான் புலத்துக்கு எல்லை. மேசையில் பார்த்தபோதே 125 துருத்திக்கொண்டு நின்றது. வெளியே போகும் கேபிளைக் கழற்றினால் படுத்துவிட்டது. குற்றவாளி கேபிள் என்று தெரிந்துபோயிற்று. கேபிளில் ஓடும் இரைச்சலை அடக்கும் காந்த வளையமான கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டினேன். கோடு 12 டெசிபெல் இறங்கியது.

அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கிளிப் ஃபெரைட் என் கையில் கொடுத்ததெல்லாம் 3 அல்லது 4, நல்ல நாளில் 6. பன்னிரண்டு என்பது லாட்டரி. ஆனால் சாயங்கால நேரம், மறுநாள் லேப். நல்ல செய்தியை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

லேபில் சாம்பர் (வெளி அலை நுழையாத சோதனை அறை) கதவை மூடினார்கள். மேசை சுழன்றது, ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கியது. 125இல் 46. எல்லையைவிட 6 டெசிபெல் அதிகம், அதாவது புலம் இரண்டு மடங்கு. ஃபெரைட் மாட்டித்தான் இருந்தது. டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வந்து இரண்டு நாள் போர்டைத் திட்டினேன், அப்புறம் ஃபெரைட்டை, அப்புறம் லேபையும். மூன்றாம் நாள் தற்செயலாக ப்ரோப் கேபிளில் கை பட்டது, திரையில் எல்லாமே ஒன்றாகத் துள்ளியது. பிரித்துப் பார்த்தால், சாக்கெட்டின் நடு ஊசியைச் சுற்றி முடியிழை அளவுக்கு வட்டமான விரிசல். ஃபெரைட் மாட்டும்போது ப்ரோப் கேபிள் சற்று இழுபட்டிருக்கிறது, ஒட்டு விலகியிருக்கிறது. முழுதாக அறுந்திருந்தால் திரை காலியாகிக் காட்டிக் கொடுத்திருக்கும். விரிசல் என்பதால், உயர் அதிர்வெண் அந்த இடைவெளியைக் கொஞ்சம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. படம் ஒழுங்காகத்தான் இருந்தது, எல்லாக் கோடும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கியிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

இதைவிட எரிச்சல் அடுத்தது. மூன்று வருடமாக இந்தக் கருவியில் எனக்கு ஓயாத தொல்லை எஃப்எம் நிலையங்கள். வெளி அலையைத் தடுக்கும் கூண்டு கிடையாது, திறந்த மேசை. 88 முதல் 108 வரை எப்போதும் வரிசையாக மேடுகள் நிற்கும், என் கோடு எது, ஊராருடையது எது என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் 120 முதல் 130 வரை மட்டும் திரையில் வைத்து வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அன்று ஃபெரைட்டுக்கு முன்னும் பின்னும் அகலமான ஸ்கேனும் சேமித்திருந்தேன், திறந்துதான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால், எஃப்எம் மேடுகளும் கிட்டத்தட்ட அதே 12 டெசிபெல் குட்டையாகி இருக்கின்றன. என் கேபிளில் மாட்டிய ஃபெரைட்டுக்காக ஒலிபரப்புக் கோபுரம் பவரைக் குறைக்குமா? மூன்று வருடம் நான் வைத வரிசைதான் அன்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கருவியின் மேல் குற்றமா? பாதிக் குற்றம். அத்தனை சின்ன போர்டில், உறைக்குப் பிடிமானம் இல்லாமல், வெறும் சால்டரை நம்பி சாக்கெட்டை நிறுத்தியது மோசமான வேலை. ஒவ்வொரு முறை திருகும்போதும் பாரம் முழுக்க அந்த ஒட்டின் மேல்தான். நான் இப்போது ஒரு குட்டை கேபிளை நிரந்தரமாக மாட்டி, உறையோடு கட்டி, அதன் நுனியில்தான் திருகுகிறேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டியது. மீதிப் பாதி என்னுடையது. ப்ரோப் வளையம் தரும் எண்ணை சாம்பர் எண்போல நம்பியது. கம்பிச்சுருள் பக்கத்தில் பொங்குவது 3 மீட்டரில் ஒன்றுமில்லாமல் போகலாம். அமைதியாகத் தொங்கும் ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் 5 மைக்ரோஆம்பியர் காமன்-மோட் மின்னோட்டம் (எல்லாக் கம்பியிலும் ஒரே திசையில் ஓடுவது) ஓடினாலே கிளாஸ் பி எல்லை தாண்டிவிடும். கேபிளைச் சுற்றி, அந்த மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் கிளாம்ப் ஒன்றைப் போட்டு அளப்பதுதான் வளையத்தைவிட யோக்கியமான முன்னறிவிப்பு. இது எனக்கு முன்பே தெரியும் என்பது இன்னும் கேவலம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: சார்ஜர் கேபிள் செருகிய நிலையில் அளக்கவே கூடாது, தரை உயர்ந்துவிடும். சந்தேகமான கோடு வந்தால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டரை ப்ரோபுக்கும் கருவிக்கும் நடுவில் போடுங்கள். நிஜமான கோடு 10 இறங்கும், கருவி திணறிப் பெற்ற கோடு அதைவிட அதிகமாக இறங்கும். பேட்டரி இன்னும் நன்றாக நிற்கிறது.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. நல்ல கருவிதான், மேலே நானே அவ்வளவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்றைய மனநிலையில் என் வாயிலிருந்து வாங்கு என்று வராது. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.

புதன்கிழமை மறுபடி லேப். கேபிள் ஷீல்டை நீளமான வால் கம்பியால் கிரவுண்டில் கட்டியிருந்ததுதான் மூலக் காரணம். வாலை வெட்டிவிட்டு, கனெக்டரின் உலோகக் கூட்டோடு சுற்றிலும் இறுக்கிவிட்டேன். மேசையில் 125 இப்போது 9 டெசிபெல் இறங்கியிருக்கிறது. எஃப்எம் மேடுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.