‘சென்னை–சாண்டோரினி, ஒரே டிக்கெட்’ என்று சொல்பவரிடம் பணம் கட்டும் முன்

கிரீஸ் நாட்டின் சாண்டோரினித் தீவுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மால்டா, சிசிலி, கிரீட் என்று வேறு தீவுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மலிவான கட்டணம் என்று டிராவல் ஏஜென்ட் காட்டும் தாளில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று டிக்கெட்டுகள் ஒரே பயணம் போல ஒட்டப்பட்டிருக்கலாம். எங்களுக்கு விற்கப்பட்டது அப்படிப்பட்ட தாள்தான். 2025 மே மாதக் கடைசியில் அப்பா, அம்மா, மனைவி, நான் என நால்வரும் அதை வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போனோம். விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள்.

அந்த டிராவல் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயரைவிட, அவர்கள் ஏமாற்றும் முறையை நீங்கள் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். இதே முறையில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலிருந்து சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடைப்பட்ட கடலில் ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. பிப்ரவரியில் 5.3 அளவுக்கு ஒன்று வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். வசந்த காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதைச் சொல்லித்தான் ஏஜென்ட் ஆரம்பித்தார்: “கூட்டம் இல்லை சார், இந்த விலை இனி வராது.” விமானம் போக வர தலைக்கு 54,000 ரூபாய் என்றார். தோஹா, துபாய், அபுதாபி வழியாக ஏதென்ஸ் வரை நாங்கள் இணையத்தில் பார்த்த கட்டணம் எழுபத்தைந்தாயிரத்துக்குக் குறையவில்லை. அதற்கு மேல் தீவுக்குப் போகும் செலவு தனி. இவர் சொன்ன தொகையோ தீவு வரைக்கும். இரண்டு ஹோட்டல் அறைகளையும் சேர்த்து ஏப்ரலில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

அவர் அனுப்பிய பி.டி.எஃப். தாளை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடி முழுவதும் அதில்தான் இருக்கிறது. மேலே அவருடைய நிறுவனச் சின்னம். அதன் கீழே ஒரே ஒரு முன்பதிவு எண். அது விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். அல்ல, அவருடைய அலுவலகத்தின் சொந்த வரிசை எண். ‘சென்னை – ஐக்கிய அரபு அமீரகம் – ஏதென்ஸ் – சாண்டோரினி’ என்று வழி போட்டிருந்தது. இடையில் ‘நிறுத்தம்: 9 மணி நேரம்’. எந்த விமான நிலையத்தில் நிறுத்தம் என்பது இல்லை. நான் போனில் கேட்டபோது, “உள்ளேயே லவுஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம், அம்மாவுக்கு வீல் சேர் போட்டிருக்கிறேன்” என்று சொன்னார். இந்தப் பொய்யை என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. அவருக்காகவே கேட்ட கேள்வி அது.

சென்னைக் கவுண்ட்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, “அமீரக விசா எங்கே?” என்று கேட்டார். நாங்கள் அங்கே வெளியே போகப்போவதில்லை, ஏதென்ஸ் போகிறோம் என்றோம். “இல்லை சார், உங்கள் டிக்கெட் ஷார்ஜாவோடு முடிகிறது” என்றார். அடுத்த விமானம் வேறொரு நிறுவனத்துடையது. அது கிளம்புவது ஷார்ஜாவிலிருந்தே அல்ல, அபுதாபியிலிருந்து! இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சென்னையில் இறங்கி விழுப்புரத்தில் ஏறச் சொல்வது போல. நடுவில் ஒரு நாட்டின் குடிவரவுச் சோதனையைத் தாண்டி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்துப் போக வேண்டும். அதற்கு இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சில நாடுகளில் வசிப்புரிமை வைத்திருப்பவர்களுக்குத் தளர்வு உண்டாம். எங்களிடம் இருந்த ஷெங்கன் சுற்றுலா விசா (கிரீஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) அதற்குப் போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் மீதோ அவருடைய நிறுவனத்தின் மீதோ எனக்குக் குறை எதுவும் இல்லை. விசா இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் செலவும் அவர்கள் தலையில் விழும். உயரதிகாரியிடமும் பேசிப் பார்த்தார். விற்றவர் செய்திருக்க வேண்டிய விளக்கத்தை எங்களுக்குப் பொறுமையாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஏஜென்ட்டை அழைத்தோம். முதலில் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, “விசா எடுப்பது பயணியின் பொறுப்பு சார், விதிமுறையில் போட்டிருக்கிறோம்” என்றார். எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதையே மறைத்து விற்றுவிட்டு, அந்த ஊருக்கு விசா எடுக்கவில்லையே என்று கேட்கும் மனிதரிடம் நள்ளிரவில் என்ன பேசுவது? அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, “வீட்டுக்குப் போய்விடலாம்பா” என்று மட்டும் சொன்னார்.

இந்த வகை விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வழக்கமான இணைப்புப் பயணத்தில் விமான நிறுவனங்களுக்கிடையே உடன்பாடு இருக்கும், அல்லது இரண்டு விமானமும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கும். பி.என்.ஆர். ஒன்றே. சென்னையில் போட்ட பெட்டி கடைசி ஊரில் வரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்ததில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட உடன்பாடு கிடையாது. அவற்றின் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி அடுக்கினால் மொத்தத் தொகை குறையும். ஆனால் இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். கட்டணங்களை ஒப்பிடும் இணையதளங்கள் இப்படிப்பட்ட பயணத்துக்குப் பக்கத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’, அதாவது பயணியே தன் பொறுப்பில் மாறிக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பாவது போடுகின்றன. எங்கள் ஏஜென்ட் அந்தக் குறிப்பை அழித்துவிட்டுத் தன் சின்னத்தை ஒட்டிக் கொடுத்தார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயணிகளுக்கு 261/2004 என்ற நல்ல சட்டம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாதபட்சத்தில், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். அதை நம்பியும் இப்படிப்பட்ட டிக்கெட் வாங்காதீர்கள். ஒரே முன்பதிவில் உள்ள பயணத்தைத்தான் அது ஒரே பயணமாகப் பார்க்கும். மேலும், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கிளம்பும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால்தான் அது செல்லும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடும் கைகொடுக்கவில்லை. ஷெங்கன் விசா கேட்பது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. எங்கள் பாலிசியில், தேவையான விசா இல்லாமல் ஏற்ற மறுக்கப்பட்டால் இழப்பீடு இல்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

அப்பாவுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். கைவிட மனம் வரவில்லை. மறுநாள் கிளம்பும் விமானத்தில் தோஹா வழியாக ஏதென்ஸுக்கு ஒரே பி.என்.ஆரில் போக வர டிக்கெட் வாங்கினோம். தலைக்கு 92,000 ரூபாய். முதலில் பார்த்த எழுபத்தைந்தாயிரம் அப்போதுதான் எவ்வளவு நியாயமான விலை என்று தெரிந்தது.

ஏதென்ஸிலிருந்து தீவுக்குப் போட்டிருந்த விமானம் அதற்குள் போய்விட்டது. போகும் விமானத்தில் ஏறவில்லை என்பதால், அதே பி.என்.ஆரில் இருந்த திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிட்டது. இதைப் பலர் அறிவதில்லை. ஆகவே விமான நிலையத்திலிருந்து இரவு பகல் ஓடும் எக்ஸ்96 பஸ்ஸில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய், காலைக் கப்பலைப் பிடித்தோம். பாரோஸ், நக்ஸோஸ் தீவுகளில் நின்று நின்று ஏறக்குறைய எட்டு மணி நேரம். செங்குத்தான எரிமலைச் சுவருக்கு அடியில் இருக்கும் அதினியோஸ் துறைக்குள் கப்பல் நுழைந்தபோது, அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்திலேயே நின்றிருந்தார். விமானக் கட்டணத்தில் சிறு பங்குதான் இதற்குச் செலவு. பெரியவர்களோடு போகிறவர்களும் தயங்காமல் கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசும். அப்போது சேவை நிற்கக்கூடும்.

ஹோட்டலிலும் அதே கைவரிசை. ‘கால்டெரா காட்சி’ (எரிமலைப் பள்ளம் தெரியும் அறை) என்று தாளில் போட்டு எங்களைக் கார்டெராடோஸ் கிராமத்தில் தங்க வைத்திருந்தார். அமைதியான, நல்ல ஊர்தான். ஆனால் அது தீவின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மேற்கே உள்ள எரிமலைப் பள்ளம் அங்கிருந்து தெரியாது. ‘எல்லா வரியும் உட்பட’ என்று எழுதிக் கொடுத்திருந்தும், அரசின் பருவநிலைக் கட்டணத்தை ஹோட்டலில் தனியாகக் கட்டினோம். மூன்று நட்சத்திர விடுதிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு ஓர் இரவுக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10, ஐந்துக்கு 15 என்பது 2025-இல் இருந்த விகிதம்.

ஊர் திரும்பிய பிறகு இன்னொன்று வெளிப்பட்டது. விமான டிக்கெட்டும் தங்குமிடமும் சேர்ந்தால் அது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு. அதற்கு அப்போது ஐந்து சதவீதம் டி.சி.எஸ். வரி, அதாவது விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. ரசீதில் அந்தத் தொகையைத் தனி வரியாகக் காட்டி வாங்கியிருந்தார். ஏப்ரல்–ஜூன் காலாண்டுக் கணக்கை ஜூலை 15-க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆகஸ்ட் முழுவதும், என் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை. அரசுக்கு என்று சொல்லி வாங்கிய பணம் அரசிடம் போய்ச் சேரவில்லை. தொகுப்பாக வாங்கியவர்கள் இப்போதே தங்கள் படிவத்தைத் திறந்து பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் விமான நிறுவனத்தின் பி.என்.ஆரை எழுத்தில் கேளுங்கள். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அது. அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உங்கள் பெயரோடு போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பக்கத்தில் வர வேண்டும். பாதியில் நின்றால் மீதி தனி டிக்கெட் என்று பொருள். பெட்டி எந்த ஊர் வரை போகும் என்றும் கேளுங்கள். “விசாவுக்கு டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும்” என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: ஏதென்ஸ் வரை ஒரே டிக்கெட், அங்கே ஓர் இரவு தங்கல், மறுநாள் காலை கப்பல். தனி டிக்கெட்டாக இருந்தாலும் அந்த ஓர் இரவு தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். நாங்கள் அதற்குப் பிறகு இ-ஜாக்ருதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஏஜென்ட் தந்த தாள், விமான நிறுவனத்தின் உண்மையான டிக்கெட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய சான்று எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம். ‘லவுஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்’ என்று போனில் சொன்னதையே பிறகு குரல் பதிவாகவும் அனுப்பியிருந்தார். அதுவும் மனுவோடு இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இதுவரை பதில் மனுத் தாக்கல் செய்யவில்லை.