எம்எக்ஸ்-5 காருக்கு ஹார்ட்டாப் பொருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் குளிர்காலம் தொடங்குமுன் மடக்கும் துணிக்கூரை உள்ள தங்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஹார்ட்டாப், அதாவது கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான கூரை, வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரைக்கும் கூலிக்கும் சேர்த்து 1,250 பவுண்டு கொடுத்து நான் ஏமாந்தேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதினோரு ஆண்டுகளாகத் துரு அண்டாமல் பேணி வந்த காரின் உடலில் எட்டு ஓட்டைகள் விழுந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

என்னுடையது 2002ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறைக் கார். 1989இல் வந்த முதல் தலைமுறைக்கும் 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் மாஸ்டாவின் அசல் ஹார்ட்டாப் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதற்கடுத்த தலைமுறைக்கு இது பொருந்தாது. இரண்டு தலைமுறைக்காரர்களும் ஒரே பொருளைத் தேடுவதால், பழைய அசல் கூரைகளுக்கு எப்போதும் கிராக்கி அதிகம், குளிர் நெருங்கும் மாதங்களில் இன்னும் அதிகம். அக்டோபரில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப் கொடுத்திருந்த விளம்பரத்தில், மாஸ்டாவின் அசல் கூரை, காரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, பொருத்தியும் தரப்படும் என்று பார்த்தபோது, இதைத் தவறவிட்டால் வேறு கிடைக்காது என்ற அவசரம் எனக்கு வந்துவிட்டது. போனில் பேசியபோது உரிமையாளர் மிகவும் மரியாதையாகவும் விஷயம் தெரிந்தவர் போலவும் பேசினார். முன்பணம் 300 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதி 950 பவுண்டை ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காரை விட்டுவிட்டு, சனிக்கிழமை மாலை இருட்டும் நேரத்தில் எடுத்து வந்தேன். கடையை மூட வேண்டும் என்று அவர் சாவியைக் கையில் திணித்த வேகத்தில், கூரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்ததோடு சரி. பெயிண்ட் அருமையாகப் பொருந்தியிருந்தது. அதுவே என் கண்ணை மறைத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் எம்25 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தைத் தொட்டபோது, வலது தோளுக்குப் பின்னாலிருந்து விசில் போன்ற சத்தம் எழுந்தது. சிறிது நேரத்தில் கூரையே மெல்ல அதிர்வதைத் தலைக்கு மேல் உணர முடிந்தது. செவ்வாய்க்கிழமை நல்ல மழை. புதன்கிழமை காலை சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். விரல்களுக்கு இடையே தண்ணீர் ஊறி மேலே வந்தது.

அன்று மாலையே என் மைத்துனரை வரச்சொல்லி, இருவருமாகக் கூரையைத் தூக்கி இறக்கினோம். கூரை ஏறத்தாழ 20 கிலோ இருக்கும் என்பதால் தனியாளாகத் தூக்கினால் பெயிண்ட் போய்விடும். இறக்கிய பிறகுதான் நடந்திருப்பது முழுவதும் தெரிந்தது.

இந்தக் காரில் ஹார்ட்டாப்பை ஆறு இடங்கள் பிடித்துக்கொள்கின்றன. முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கிகள், கதவுகளுக்குப் பின்னால் பக்கத்திற்கு ஒன்று, பின்புறம் இரண்டு. முன்கொக்கிகளுக்குத் துணிக்கூரை பூட்டுகிற இடமே போதும். பக்கவாட்டுக் கொக்கிகளுக்கு உடலோடு ஒரு தகடு பொருத்த வேண்டும். அதற்கு மரை வெட்டிய துளைகளைத் தொழிற்சாலையிலேயே வைத்துத்தான் காரை அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டுத் தகட்டுக்காக உடலில் டிரில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. என் காரில் அந்த அசல் துளைகள் தூசி அடைந்து அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து விரற்கடை தூரத்தில் புதிதாக ஓட்டை போட்டு, மெல்லிய இரும்புத் தகட்டில் தானாக மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகுகளை முறுக்கியிருந்தார்கள். பக்கங்களில் நான்கு, பின்னால் நான்கு. ஓட்டைகளின் விளிம்பில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர்கூடத் தடவவில்லை. நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன; அதற்குள் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய காவி நிறக் கோடு படிந்திருந்தது.

வலது பக்கத் திருகு ஒன்றை விரலாலேயே கழற்ற முடிந்தது. கார் வேகமாகப் போகும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி இழுபடும். அந்த இழுவையைத் தாங்குவதற்கு இந்தப் பக்கவாட்டுத் தகடுகளை நம்பித்தான் நான் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன். கூரை கழன்று பின்னால் வந்தவர் மீது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. கூரையின் பின் விளிம்பில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை (பீடிங்) இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கானைப் பிதுக்கி விட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய அநியாயம், துணிக்கூரையின் அடியில் மழைநீரை வாங்கி, இரு மூலைகளிலும் உள்ள வடிகால்களுக்கு அனுப்பும் ரப்பர் வடிதடத்தைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். வடிகால் அடைத்தாலே இந்தக் காரில் கதவுக்கு அடியில் பெட்டி போல ஓடும் உடல்பகுதி உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பது வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட காரில் தண்ணீர் போகும் பாதையையே அறுத்துவிட்டார்கள்.

கூரையும் அசல் இல்லை. உள்பக்கத்தில் ஒட்டியிருந்த துணி ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. அங்கே விரலை விட்டுத் தடவியபோது பைபர் கிளாஸ் இழைகள் குத்தின. மாஸ்டாவின் அசல் கூரையில் பின்புறம் உண்மையான கண்ணாடி இருக்கும். அதன் மூலையில் தயாரிப்பாளரின் முத்திரை பொறித்திருக்கும். எனக்குக் கொடுத்ததில் இருந்தது அக்ரிலிக் பலகை. விரல் மூட்டால் தட்டினால் கண்ணாடியின் கணீர் ஒலி வராமல் மொத்தென்று கேட்டது. பனி நீக்கும் மின்கம்பிக் கோடுகள் அதில் இல்லாததால், துணிக்கூரைக் கண்ணாடிக்கு வந்துகொண்டிருந்த மின்இணைப்பு சீட்டுக்குப் பின்னால் டேப் சுற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. காந்தத்தை வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அசல் கூரையும் இரும்பால் ஆனதல்ல, அதிலும் காந்தம் ஒட்டாது, அந்தச் சோதனை உதவாது. பைபர் கிளாஸ் கூரை என்றாலே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அதை அதுவென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் குறையில்லை. அசல் என்று சொல்லி அசலின் விலையை வாங்கியதுதான் மோசடி.

நேரில் போய்க் கேட்டேன். பழைய கார் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்றார் முதலில். ஓட்டைகளின் படத்தைக் காட்டியதும், பார்த்துத் திருப்திப்பட்டுத்தானே எடுத்துப் போனீர்கள் என்றார். அசல் என்று எழுதியிருந்தீர்களே என்றதற்கு, பில்லில் அப்படி இல்லையே என்று பதில் வந்தது. பில்லில் இருந்தது ‘ஹார்ட்டாப், பொருத்துகூலி உட்பட’ என்ற ஒரே வரி. ஆனால் விலை பேசும்போது அவர் அனுப்பிய குறுஞ்செய்தியில் அசல் என்ற சொல் தெளிவாக இருந்தது. நல்லவேளையாக அதை நான் அழிக்கவில்லை.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் அவர் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும், வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். பொருளில் குறையென்றால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். வணிகர் அல்லாத தனிநபரிடம் வாங்கினால் இத்தனை பாதுகாப்பு கிடையாது. நான் 11ஆம் நாளே எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. என்னைக் காப்பாற்றியது கிரெடிட் கார்டில் கட்டிய அந்த 300 பவுண்டுதான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாத விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், முழுத் தொகைக்கும் விற்றவரோடு சேர்த்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. எம்எக்ஸ்-5 வேலை மட்டுமே பார்க்கும் வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்கி, குறுஞ்செய்தியையும் பில்லையும் சேர்த்து அனுப்பினேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பின்கண்ணாடி முத்திரையின் கிட்டப் படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். ‘மாஸ்டா அசல்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உடலில் எங்கும் டிரில் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, பகல் வெளிச்சத்தில் போய்க் காரை எடுங்கள். கூரை மாற்றியதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஒன்பது வாரங்கள் கழித்து 1,250 பவுண்டும் கணக்கில் வந்துசேர்ந்தது. ஓட்டைகளை வெல்டிங் செய்து அடைத்துப் பெயிண்ட் அடிக்க ஆகும் 640 பவுண்டுக்கான கோரிக்கை இன்னும் கார்டு நிறுவனத்தின் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை அந்த எட்டு ஓட்டைகளுக்கும் துருத்தடுப்புப் பூச்சு தடவி, துணிக்கூரையோடும் ஒரு தார்ப்பாயோடும் காரை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.