மெதுவாகக் கரையும் மார்பின் மாத்திரை: அம்மாவுக்குக் கொடுத்துவரும் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே எங்களை ஆளாக்கியவர் அம்மா. இப்போது புற்றுநோய் எலும்பு வரை பரவியிருக்கிறது. எம்எஸ்டி என்று மருத்துவமனையில் சொல்லும் மார்பின் வலி மாத்திரையை ஓராண்டுக்கு மேலாக நான்தான் கொடுத்து வருகிறேன்.

எடுத்தவுடன் இதைத் தரவில்லை. முதலில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் தண்ணி மருந்து. ஒரு நாளைக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகே 12 மணி நேர மாத்திரைக்கு மாற்றினார்கள். வலி வந்ததும் போடுகிற மருந்து இல்லை இது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை 7, இரவு 7. நடுவில் வலி எடுத்தால் தண்ணி மருந்து தனியாக இருக்கிறது. அதை எப்போதெல்லாம் கொடுத்தேன் என்று நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுவேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்தான்.

அம்மா விழுங்கச் சிரமப்பட்ட அன்று அத்தை, "இடிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடு" என்றார். கூடவே கூடாது. 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மார்பின் மொத்தமாக ஏறிவிடும், மூச்சே நின்றுபோகலாம். டாக்டரிடம் சொன்னால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டை போல வேறு வழி பார்ப்பார்கள்.

தூக்கக் கலக்கம் சில நாளில் தெளிந்தது. மலச்சிக்கல் மட்டும் மருந்து உள்ளவரை இருக்கும். பப்பாளியும் கீரையும் போதாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்ந்து போக வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா முட்டி வலிக்கு ஒன்று கேட்டார். கொடுக்கவில்லை, மனம் கஷ்டப்பட்டது. அம்மாவின் உடம்புக்குப் பழகிய அளவு, பழகாத உடம்பைக் கொல்லக்கூடும். சம்சு சாராயம் குடிப்பவருக்கும் தூக்க மாத்திரை போடுபவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம். முட்டித் தேய்மானத்துக்கு முதலில் பார்க்க வேண்டிய சிகிச்சைகள் வேறு எத்தனையோ உண்டு. மாத்திரை எங்கள் வீட்டில் அலமாரியில் பூட்டியே இருக்கிறது, மிஞ்சினால் மருத்துவமனை மருந்தகத்துக்கே திரும்பப் போகும்.

"மார்பின் கொடுத்துட்டாங்களா, அப்போ அவ்வளவுதான்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தனை பேர் வலியோடு கிடக்கிறார்களோ! அம்மா இப்போது இரவில் தூங்குகிறார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூக் கட்டித் தருகிறார்.

உடம்பு பழகிவிட்ட மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, அதோடு வலியும் திரும்பும். நிறுத்துவதானாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்கிற மருந்தும் இல்லை. தீபாவளி விடுமுறை வருகிறதென்றால் முன்கூட்டியே போய் வாங்கி வைத்துவிடுங்கள்.