லாக் ஆன போன்: டேட்டா போகாமல் மீட்க எந்த வழி உண்மையில் வேலை செய்கிறது?

பேட்டர்ன் மறந்துபோன போனைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "ரீசெட் அடிச்சிடலாம், அஞ்சு நிமிஷம்" என்பதுதான். போன் திறந்துவிடும், உள்ளே ஒரு படம்கூட மிஞ்சாது. போனைத் திறப்பது ஒரு வேலை, டேட்டாவை மீட்பது வேறு வேலை. இரண்டாவது முடியும்வரை முதலாவதில் கை வைக்கக் கூடாது. பல வருடமாகப் பல மாடல்களில் பயன்படுத்திப் பார்த்ததில் எது நின்றது, எது வெறும் விளம்பரம் என்பதை இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒன்று: போனை ஸ்விட்ச் ஆஃப் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான், பெரிய சேதமும் இதில்தான் நடக்கிறது. போன் ஆன் ஆனபின் ஒரு முறையாவது பின் போட்டுத் திறந்திருந்தால், டேட்டாவைப் பிரித்துப் படிக்கும் சாவி மெமரியில் இருக்கும். கைரேகையும் வேலை செய்யும். ரீஸ்டார்ட் ஆனதும் அந்தச் சாவி போய்விடும். பிறகு பின்னோ பேட்டர்னோ இல்லாமல் எந்தக் கோப்பையும் படிக்க முடியாது, கைரேகையும் ஏற்காது. போன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. இன்னொரு போனிலிருந்து அதற்கு அழையுங்கள். சேமித்த பெயர் தெரிந்தால் சாவி இன்னும் உள்ளே இருக்கிறது. பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் வந்தால், ரீஸ்டார்ட் ஆனபின் இன்னும் யாரும் திறக்கவில்லை என்று பொருள்.

உடனே சார்ஜரில் போடுங்கள். பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் அதே கதைதான். இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பு சாம்சங் போன்களில் உண்டு, சாப்ட்வேர் அப்டேட்டும் இரவில்தான் ஓடும். ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆண்ட்ராய்டுக்கும் 2025-இல் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக இதே வசதி வந்தது. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று டிராயரில் வைத்துவிடக் கூடாது.

கைரேகை இன்னும் ஏற்கிறதா? அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஆனால் நேரம் குறைவு. ஆண்ட்ராய்ட் கடைசியாகப் பின் போட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடி பின் கேட்கும். முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி சில போன்களில் அதைவிடச் சீக்கிரமே நின்றுவிடும். கைரேகையால் திறந்ததும் பின்னை மாற்றப் போகாதீர்கள். பழைய பின் இல்லாமல் அது முடியாது. நேராக டேட்டாவை வெளியே எடுங்கள். ஸ்கிரீன் டைம்அவுட்டை 10 நிமிடமாக்கி, யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரில் செருகி, "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்வு செய்யுங்கள். டிசிஐஎம் (கேமரா படங்கள் இருக்கும் ஃபோல்டர்), டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் ஆகியவற்றை அப்படியே நகலெடுங்கள். வாட்ஸ்அப் படங்கள் ஆண்ட்ராய்ட் 11 முதல் வேறு இடத்தில் இருக்கின்றன: 'ஆண்ட்ராய்ட்' ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர். பலர் வெளியே தேடிவிட்டு "இல்லையே" என்று விட்டுவிடுவார்கள். நகல் ஓடும்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப்பை ஒரு முறை கையால் எடுத்துவிடுங்கள். அதற்கு ஸ்கிரீன் பின் தேவையில்லை. காண்டாக்ட்ஸை ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் அனுப்பிக்கொள்ளலாம். ஆப் செய்பவர்களுக்கான மறைவான செட்டிங்ஸான டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க நினைத்தால் பெரும்பாலான போன்களில் அங்கே பின் கேட்கும்.

கைரேகையும் போய்விட்டால், உண்மையிலேயே மறந்துதான் போயிற்றா என்று ஒரு நிமிடம் நிதானித்துப் பாருங்கள். சரியான பின்னைப் போட்டும் ஏற்காத போன்கள் நிறைய வருகின்றன. டெம்பர்டு கிளாஸின் ஓரத்தில் ஈரம் இருந்தாலோ மட்டமான சார்ஜரில் செருகியிருந்தாலோ தொடுதிரை தானாகவே எண்களை அழுத்தும். சார்ஜரைக் கழற்றி, திரையைத் துடைத்து, கிளாஸை உரித்துவிட்டு முயலுங்கள். எழுத்துகள் கலந்த பாஸ்வேர்ட் என்றால் இன்னொரு சிக்கல்: ரீஸ்டார்ட் ஆன பிறகு, திறக்கும்வரை நீங்கள் தனியாகப் போட்ட கீபோர்ட் ஆப் பல போன்களில் வராது, போனோடு வந்த கீபோர்டுதான் வரும். குறியீடுகள் இருக்கும் இடம் மாறுவதால் விரல் பழக்கம் ஏமாற்றும். சியோமியில் 'செகண்ட் ஸ்பேஸ்' (ஒரே போனுக்குள் தனியாக இயங்கும் இரண்டாவது இடம்) வைத்திருந்தால் அதற்குத் தனிப் பாஸ்வேர்ட், இரண்டும் குழம்பியிருக்கலாம்.

முயலும் ஒவ்வொரு எண்ணையும் தாளில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டில் ஐந்து தவறுக்குப் பிறகு 30 விநாடி காத்திருப்பு வரும், போகப் போக அது மணிக்கணக்காகும். ஐபோனில் காத்திருப்பு நிமிடங்களில் தொடங்கி, பத்துத் தவறுக்குப் பிறகு போன் முற்றிலும் முடங்கிவிடும். 'எரேஸ் டேட்டா' ஆன் ஆகியிருந்தால் அந்தப் பத்தாவது தவறிலேயே எல்லாம் அழியும். சாம்சங்கிலும் குறிப்பிட்ட தவறுகளுக்குப் பின் ரீசெட் ஆகும் தெரிவு உண்டு. குழந்தையின் கையில் போனைக் கொடுத்து "நீ போட்டுப் பாரு" என்று சொல்வது இதனால்தான் ஆபத்து.

பின்னைச் சமீபத்தில் மாற்றி, புதியது மட்டும் மறந்திருந்தால் ஐபோனில் அருமையான வழி இருக்கிறது. ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடையே பயன்படுத்தலாம். தவறான பாஸ்கோடைப் போட்டுக்கொண்டே போனால் 'ஐபோன் அன்அவெய்லபிள்' திரை வரும். அதன் கீழ் மூலையில் 'ஃபர்காட் பாஸ்கோட்' தெரியும். அதைத் தொட்டு, 'என்டர் பிரீவியஸ் பாஸ்கோட்' தேர்ந்து, பழையதைப் போட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம், எதுவும் அழியாது. அந்தத் திரையிலேயே ஐபோனை அழிக்கும் பட்டனும் இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிடாதீர்கள். சாம்சங்கின் புதிய பதிப்புகளிலும் பழைய லாக்கை வைத்து மீட்கும் தெரிவு வந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டில் நாங்கள் நம்பிப் பரிந்துரைக்கும் ஒரே தொலைவழி சாம்சங்கின் 'ரிமோட் அன்லாக்'. போனில் சாம்சங் அக்கவுண்ட் இருக்க வேண்டும், தொலைந்த போனைத் தேடும் சாம்சங் வசதியான ஃபைண்ட் மை மொபைலில் இந்தத் தெரிவு முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும், போன் நெட்டில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நடக்காது. கம்ப்யூட்டரில் சாம்சங் ஃபைண்ட் தளத்தில் நுழைந்து, போனைத் தேர்ந்து, 'அன்லாக்' அழுத்தினால் அக்கவுண்ட் பாஸ்வேர்டை மறுபடி கேட்கும். கொடுத்தால் பின்னும் கைரேகையும் நீங்கிவிடும், டேட்டா அப்படியே இருக்கும். சில மாடல்களில் இந்த வசதியே கிடையாது, அதனால் வாங்கியவுடனே செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இதில் அடிக்கடி சிக்குவது நெட். மொபைல் டேட்டா ஆஃப், மேலிருந்து இழுக்கும் பேனலும் லாக்கில் திறக்காது என்றால் என்ன செய்வது? போனுக்கு ஏற்கனவே தெரிந்த வைஃபையை அதன் பக்கத்தில் உருவாக்கிவிடலாம். இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வீட்டு வைஃபையின் அதே பெயரை, பெரிய எழுத்து சிறிய எழுத்து, இடைவெளி உட்பட, அப்படியே வையுங்கள். பாஸ்வேர்டும் அதுவே, பாதுகாப்பு வகையும் அதுவே, அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபை ஆன் ஆகியிருந்தால், லாக் ஆன போன் வீட்டு வைஃபை என்று நினைத்துத் தானே சேர்ந்துகொள்ளும். ஹாட்ஸ்பாட் போனில் 'இணைந்த சாதனம் 1' என்று வந்ததும் கம்ப்யூட்டரில் 'அன்லாக்' அழுத்துங்கள்.

தொலைந்த போனைத் தேடும் கூகுளின் ஃபைண்ட் ஹப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இருக்கும் பின்னை அதனால் நீக்க முடியாது. ஒலி எழுப்பும், பூட்டும், அழிக்கும், அவ்வளவுதான். பேட்டர்ன் மறந்தால் ஜிமெயில் போட்டுத் திறந்த வசதி ஆண்ட்ராய்ட் 4.4-ஓடு முடிந்துவிட்டது.

டச் மட்டும் செத்து, படம் தெரிகிறது என்றால் கவலையே வேண்டாம். ஒரு ஓடிஜி அடாப்டரும் (போனின் சார்ஜிங் துளையில் யுஎஸ்பி சாதனங்களைச் செருக உதவும் இணைப்பான்) சாதாரண யுஎஸ்பி மவுஸும் போதும். திரையில் அம்புக்குறி வரும், இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி பேட்டர்னை இழுக்கலாம். ஓப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ் போன்களின் பழைய பதிப்புகளில் ஓடிஜியைச் செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும், 10 நிமிடம் சும்மா இருந்தால் அணைந்துவிடும். அங்கே மவுஸ் உதவாது. படமும் இல்லை என்றால், எஸ்8 முதலான சாம்சங் எஸ் வரிசையில் டைப்-சி ஹப் வழியாக எச்டிஎம்ஐ டிவியில் படம் வரும். ஹப்பிலேயே மவுஸைச் செருகித் திறக்கலாம். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இந்த வெளியீடு கிடையாது. அங்கே டிஸ்ப்ளே காம்போ, அதாவது திரையும் டச்சும் சேர்ந்த பாகம், மாற்றுவதுதான் வழி, அதனால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. காம்போ மாற்றுபவரிடம் "ரீசெட் பண்ணாதீங்க, பின் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

'டேட்டா போகாமல் எந்த போனையும் திறப்போம்' என்று விற்கும் கட்டண மென்பொருள்களைப் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. பழைய ஆண்ட்ராய்டில் பேட்டர்ன் ஒரு 20 பைட் கோப்பில் இருந்தது. மொத்தம் சாத்தியமான பேட்டர்ன்கள் 3,89,112 மட்டுமே. ரூட், அதாவது சிஸ்டம் கோப்புகளில் கை வைக்கும் முழு அனுமதி, இருந்தால் அந்தக் கோப்பை அழித்தாலே லாக் போய்விடும். ஆண்ட்ராய்ட் 7.0-இல் கோப்பு வாரியான என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவை மாற்றி வைப்பது) வந்தது, ஆண்ட்ராய்ட் 10-உடன் வெளிவரும் புதிய போன்களுக்கு அது கட்டாயமானது. இப்போது உங்கள் பின்னும் போனுக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியும் சேர்ந்தால்தான் சாவியே உருவாகும். மெமரி சிப்பைப் பெயர்த்து எடுத்துப் படித்தாலும் குப்பைதான் வரும். ஐபோனில் 2013-இன் 5எஸ் முதலே செக்யூர் என்கிளேவ் என்ற அத்தகைய பாதுகாப்புப் பகுதி இருக்கிறது. ஆகவே அந்த மென்பொருள்கள் இன்றைய போன்களில் செய்வது ரீசெட்டும், கூகுள் அக்கவுண்ட் பூட்டான எஃப்ஆர்பியைத் தாண்டுவதும் மட்டுமே. சிறிய எழுத்தில் அதை எழுதியிருப்பார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. யுஎஸ்பி டீபகிங் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க விடும் தெரிவு) முன்பே ஆன், உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்பே அனுமதி, போன் ரீஸ்டார்ட் ஆகவில்லை: இந்த மூன்றும் பொருந்தினால் திரை பூட்டியிருந்தாலும் கம்ப்யூட்டரில் ஏடிபி என்ற கருவியின் 'புல்' கட்டளையால் உள் சேமிப்பை நகலெடுக்கலாம். ஆப் செய்பவர்களின் போன்களில்தான் இது வழக்கமாக அமையும்.

இத்தனையும் பயனில்லை என்றால் கடைசியில் ரீசெட்தான். அதற்கு முன் வெளியே என்னென்ன இருக்கிறது என்று வேறு கம்ப்யூட்டரில் பார்த்துவிடுங்கள். கூகுள் போட்டோஸில் கேமரா ஃபோல்டர் மட்டுமே தானாக ஏறும், வாட்ஸ்அப் படங்கள் ஏறாது. இலவச 15 ஜிபி நிரம்பிய நாளோடு பேக்கப் நின்றிருக்கும், எனவே கடைசிப் படத்தின் தேதியைப் பாருங்கள். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான், அது இன்னும் சீக்கிரம் நிரம்பும்.

வாட்ஸ்அப்பில் வரிசை முக்கியம். லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் இணைந்திருந்தால், போனைப் பயன்படுத்தாமலே 14 நாள் வரை அது ஓடும். முதலில் அங்கிருந்து முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். புதிய போனில் அதே எண்ணைப் பதிவு செய்த நொடியில் இணைந்தவை எல்லாம் வெளியேறிவிடும். அதன்பின் சிம்மை மாற்றிப் போட்டு, புதிய போனில் அதே கூகுள் அக்கவுண்டில் நுழைந்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறங்கள். 'ரீஸ்டோர்' கேட்கும்போது 'ஸ்கிப்' கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அன்றிரவு ஓடும் காலி பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் நீங்கள் தனியாக வைத்த டூ-ஸ்டெப் பின் மறந்து, மெயிலும் கொடுக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

மெமரி கார்டைக் கழற்றிக் கார்ட் ரீடரில் போடுங்கள். படங்கள் தெரிந்தால் அது பத்திரம். 'ஃபார்மட் செய்யவா' என்று கம்ப்யூட்டர் கேட்டால் கேன்சல் செய்யுங்கள். கார்டை என்க்ரிப்ட் செய்திருக்கலாம், அல்லது உள் சேமிப்பாக மாற்றியிருக்கலாம். அப்படிப்பட்ட கார்டின் சாவி அந்த போனுக்குள் இருக்கிறது. போனை ரீசெட் செய்த மறுகணம் கார்டும் போயிற்று.

ரீசெட்டுக்குப் பின் எஃப்ஆர்பி பழைய கூகுள் அக்கவுண்டைக் கேட்கும். பாஸ்வேர்ட் நினைவில் இருக்கிறதா என்று முன்பே சோதியுங்கள். அதையும் மாற்ற வேண்டியிருந்தால், மாற்றிய பிறகு 24 மணி நேரம் விட்டு ரீசெட் செய்யுங்கள்.

இறந்துபோனவரின் போன் என்று வருபவர்கள் அதிகம், அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சிம்மை உடனே ரத்து செய்யாதீர்கள். கூகுள், வாட்ஸ்அப் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும், ரீசார்ஜைத் தொடருங்கள். வீட்டில் வேறு கம்ப்யூட்டரிலோ டேப்லெட்டிலோ அவருடைய ஜிமெயில் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். லாக் அவுட் செய்யாமல், அக்கவுண்டில் உள்ளதை நகலாக இறக்கித் தரும் 'கூகுள் டேக்அவுட்' வழியாகப் படங்களை இறக்கலாம். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழோடு கூகுளுக்கு விண்ணப்பிக்கும் படிவம் இருக்கிறது. ஐபோன்காரர்கள் உயிரோடிருக்கும்போதே, ஐஓஎஸ் 15.2 முதல், தங்களுக்குப் பின் டேட்டாவைப் பெறும் 'லெகசி காண்டாக்ட்' ஒருவரைச் சேர்க்கலாம்; அவருக்கு ஒரு ஆக்சஸ் கீ கிடைக்கும். அந்தக் கீயும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் ஐகிளவுடில் உள்ள படங்கள் கிடைக்கும். பாஸ்கோட் கிடைக்காது. ஐகிளவுடுக்கு ஏறாமல் போனுக்குள் மட்டும் இருப்பவை அதிலும் வராது. ஆகவே அந்த போனை விற்கவோ அழிக்கவோ அவசரப்படாமல், பாஸ்கோடாக இருக்கக்கூடிய எண்களை வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து தாளில் எழுதி, அவர் அதிகம் பயன்படுத்தியதிலிருந்து ஒவ்வொன்றாக, காத்திருப்பு நேரத்தை மதித்து முயலுங்கள்.