போர்ட் ஃபார்வர்டிங்: கையால் அமைப்பதா, யுபிஎன்பி-யிடம் விடுவதா?

இணையத்திலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் வீட்டிலுள்ள குறிப்பிட்ட சாதனத்துக்கு அனுப்பிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்; போர்ட் என்பது எண்ணிட்ட ஒரு வாசல் மாதிரி. சாதனங்களே ரௌட்டரிடம் இதைக் கேட்டுப் பெறும் வசதியான யுபிஎன்பி-யை (UPnP) ஆன் செய்தால் வேலை முடிந்தது. கேம் கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டை ரௌட்டரிடம் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். வம்பும் அதுதான்: பாஸ்வேர்டு கேட்காததால், வீட்டுக் கணினியில் புகுந்த மால்வேரும் அப்படியே திறக்கலாம்.

கையால் அமைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பல ரௌட்டர்களில் பிரௌசரில் 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய், முதலில் இணைப்பு வந்துசேர வேண்டிய கணினிக்கு மாறாத உள் ஐபி (வீட்டு நெட்வொர்க்குக்குள் அதன் முகவரி) ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்டால், ஐபி மாறும் நாளில் இணைப்பு வேறு சாதனத்தின் கதவைத் தட்டும். அப்புறம் போர்ட் எண், டிசிபியா யுடிபியா (தரவு அனுப்பும் இரண்டு முறைகள்) என்று நிரப்ப வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா சர்வருக்கு டிசிபி 25565.

எந்நேரமும் ஓடும் சர்வர் என்றால் கையால் அமைப்பதே என் தேர்வு. எப்போதாவது கேம் மட்டும்தானா? சரி, யுபிஎன்பி போதும். ரௌட்டரின் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் இரண்டுமே பலிக்காது; அது இணைய நிறுவனத்தின் உள் முகவரி, வெளியிலிருந்து நேரே எட்ட முடியாது. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்க வேண்டியதுதான்.